வலைமனை உமதாகுக! வாயிற்பலகை தமிழாகுக!

தாய்லாந்து நாட்டின் தென்பகுதியில், கிராபி மாநிலத்தில், குவான் லுக் பாட் என்றோர் இடம் உண்டு. பண்டைக் கடல்வணிகத்தின் எச்சங்கள் மிகுந்த அவ்விடத்தில் சிறிய கல்லொன்று கண்டெடுக்கப்பெற்றது. பொன்னை உரைத்துத் தரம் காணும் உரைகல் அது. அதன்மேல் பழந்தமிழ் எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறிக்கப்பட்டுள்ளது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது கல்வெட்டறிஞர் கணிப்பு. அஃது அரசனின் வெற்றியைப் பாடும் கல்லன்று. கோயிற்கொடையைக் குறிக்கும் கல்லுமன்று. கடல்கடந்து போய்த் தொழில் நடத்திய பொற்கொல்லர் ஒருவர், தம் கைக்கருவியின்மேல் தம் பெயரைத் தம் எழுத்தில் பொறித்து வைத்துக்கொண்டார். அவ்வளவே.

அச்சிறு கல்லில் மூன்று உரிமைகள் அடங்கியுள்ளன. கருவி அவருடையது, பெயர் அவருடையது, எழுத்து அவருடையது. பதினாறு நூற்றாண்டுகள் கழிந்தபின், அவர் வழிவந்த தமிழ்ச் சிறுவணிகர் இணையம் என்னும் புதுப் பேரங்காடியில் கடைவிரிக்கப் புகுங்கால், இம்மூன்றனுள் எத்தனை அவர் கையில் உள்ளன? இவ்வினாவைத் தமிழ் வணிகப் பெருமக்கள் முன்னும், தமிழ்நலம் நாடும் இளைஞர் முன்னும் வைப்பதே இத்திங்கள் ஆசிரியவுரையின் நோக்கம்.

பிறர் திண்ணையும் நம் மனையும்

மதுரைக்காஞ்சி, கூடல்மாநகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் வேறு வேறாக எடுத்துரைக்கும். பகற்கடை ஒன்று, இரவுக்கடை மற்றொன்று. இணையமோ அவ்விரண்டும் ஒன்றாகிய அங்காடி. கடைக்காரர் கண்ணயர்ந்த பின்னும் அங்குக் கடை திறந்தே இருக்கும். கோலாலம்பூரில் வாழும் தமிழர் ஒருவர் நம்மூர் நள்ளிரவில் வந்து விலை கேட்பார். தொரண்டோவில் வாழும் தமிழச்சி நம்மூர் விடியலில் வந்து சரக்கைப் பார்ப்பார்.

இவ்வங்காடியின் நிலம் தனியொருவர்க்கு உரியதன்று. செனீவா நகரையடுத்த செர்ன் ஆய்வகத்தில் பெர்னர்சு இலீ என்னும் அறிஞர் ஆக்கிய வலைநுட்பம் 1991ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் வெளியார்க்குத் திறந்துவிடப்பெற்றது. 1993 ஏப்பிரல் 30ஆம் நாள், அந்நுட்பத்தை எவரும் உரிமைத்தொகை ஏதும் செலுத்தாமல் பயன்படுத்தலாம் என்று அவ்வாய்வகம் எழுத்துவழி அறிவித்தது. இந்தியாவில் 1995 ஆகத்து 15ஆம் நாள் முதல் பொதுமக்கள் இணையத் தொடர்பு பெற்றனர். ஆகலின், வலையில் மனை போட்டுக் குடியேற எவர்க்கும் தடையில்லை.

இருந்தும் நம் சிறுவணிகருள் பெரும்பாலார் மனை போடவில்லை. பிறர் வீட்டுத் திண்ணையில் பாய்விரித்து உட்கார்ந்துள்ளனர். மக்கள் வாட்சப் என்று வழங்கும் புலனத்தில் ஒரு குழு. முகநூலில் ஒரு பக்கம். இன்சுடாகிராம் என்னும் படவரியில் பத்துப் படங்கள். "இவை போதுமே, விலையின்றிக் கிடைக்கின்றனவே, தனியே ஒரு வலைத்தளம் எதற்கு?" என்று கேட்கின்றனர்.

திண்ணையின் இயல்பை வரலாறு காட்டும். ஆர்க்குட்டு என்னும் நட்புத்தளம் 2014 செப்தம்பரில் மூடப்பட்டது. கூகுள் பிளசு 2019 ஏப்பிரலில் மூடப்பட்டது. டிக்டாக்குச் செயலியை 2020 சூன் 29ஆம் நாள் இந்திய அரசு தடைசெய்தது. அதன்வழி நுகர்வோரைத் திரட்டி வைத்திருந்த சிறுவணிகர் ஒரே இரவில் அத்தொடர்பை இழந்தனர். 2021 அக்தோபர் 4ஆம் நாள் முகநூல், புலனம், படவரி ஆகிய மூன்றும் ஒருசேர ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகெங்கும் முடங்கின. மூன்றும் ஒரே உரிமையாளருடையன என்பது பலர்க்கு அன்றுதான் விளங்கிற்று. இவற்றினும் நமக்கு நேரே பாடமாவது ஒன்றுண்டு. சிறுவணிகருக்கென்று கூகுள் நிறுவனம் விலையின்றிக் கட்டித்தந்த ஒருபக்க வலைத்தளங்கள் 2024 மார்ச்சுத் திங்களில் அணைக்கப்பட்டன. சூன் 10ஆம் நாள் வரை வழிமாற்று மட்டும் இருந்தது. அதன்பின் அம்முகவரிகள் பயனற்றுப் போயின. அம்முகவரியைப் பைகளிலும் பற்றுச்சீட்டுகளிலும் அச்சிட்டிருந்தோர் என்ன செய்திருப்பர்?

இவற்றையெல்லாம் குற்றமென்று கூறவந்தோம் அல்லேம். திண்ணை அவர்களுடையது, எழுந்திரு என்று சொல்லும் உரிமையும் அவர்களுடையது. புலனத்தையும் படவரியையும் அறவே கைவிடுக என்று யாம் சொல்லவில்லை. அவை வழிகாட்டுப் பலகைகளாக இருக்கட்டும். ஆனால் அப்பலகைகள் காட்டும் வழி நம் சொந்த மனையிற் சென்று முடிதல் வேண்டும். வலைத்தளத்தை 'வலைமனை' என்று தமிழில் வழங்குவது எத்துணைப் பொருத்தம்! மனை என்றால் உரிமை உண்டு, ஆவணம் உண்டு, எல்லைக்கல் உண்டு.

ஆவணம் யார் பெயரில்?

வலைமனைக்கு ஆவணம் போன்றது அதன் களப்பெயர். கணினிகள் தம்முள் எண்களாலான முகவரிகளால் ஒன்றையொன்று அழைக்கின்றன. அவ்வெண்களை மாந்தர் நினைவில் வைத்தல் அரிது. ஆதலால் எண்ணுக்கு ஈடாக ஒரு பெயரைப் பதிவுசெய்கிறோம். அதுவே களப்பெயர். அப்பெயரை விலைக்கு வாங்கிவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அஃது ஆண்டுக் கட்டணத்துக்குப் பதியப்படுவது. பொதுவாக ஒரே முறையில் பத்தாண்டு வரை பதியலாம். தவணை தவறினால் சிறிது காலம் பொறுப்பர். பின் அப்பெயர் சந்தைக்கு வந்துவிடும். எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

எம்மிடம் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர் தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் கருப்பட்டி வணிகம் செய்கிறார். பனையேறும் குடியிற் பிறந்தவர். பதநீர் காய்ச்சும் கொட்டகையைத் தம் வீட்டை ஒட்டியே வைத்திருப்பவர். நகரத்து நண்பர் ஒருவரிடம் பணங்கொடுத்து வலைத்தளம் அமைத்தார். தளமும் அழகாகவே அமைந்தது. பெட்டிமேலும் பைமேலும் அம்முகவரியை அச்சிட்டு, மூன்றாண்டு உழைத்து, வெளியூர்களில் நற்பெயர் ஈட்டினார். ஒருநாள் தளம் திறக்கவில்லை. அமைத்துக் கொடுத்தவர் வேறு வேலை தேடி அயல்நாடு போய்விட்டார். தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. களப்பெயர் தொடக்கத்திலிருந்தே அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில் பதியப்பட்டிருந்தது. புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்புகள் அவருக்கே சென்றன. பெயர் தவணை தவறி, முன்பின் அறியாத எவரோ ஒருவர் கைக்குப் போயிற்று. அவர் கேட்ட விலை, எம் மாணவர் ஒரு பருவம் முழுதும் ஈட்டும் ஊதியத்தினும் மிகுதி. வணிகக்குறிப் பதிவு உடையோர் நடுவர்முன் முறையிட வழியுண்டு என்பது மெய்யே. சிறுவணிகருக்கு அதற்குரிய பொருளும் காலமும் ஏது? பெட்டிகளை மறுபடி அச்சிட்டார். வேறு பெயரில் முதலிலிருந்து தொடங்கினார்.

இதில் எவரும் ஏமாற்ற முனைந்தாரல்லர். கேட்க வேண்டிய ஒரு வினாவைத் தொடக்கத்தில் எவரும் கேட்கவில்லை. 'பெயர் யார் பெயரில்?' என்பதே அவ்வினா. ஆகவே முதன்முதல் வலைமனை அமைக்கும் ஒவ்வொருவரும் இவற்றை மனத்திற் பதித்துக்கொள்க.

ஒன்று: களப்பெயரை உம் பெயரிலேயே பதிக. அமைத்துத் தருபவர் எத்துணை நல்லவராயினும், பதிவுக் கணக்கு உம் மின்னஞ்சலிலும் உம் தொலைபேசி எண்ணிலும் இருத்தல் வேண்டும். கட்டணம் செலுத்திய சீட்டை நிலவரிச் சீட்டுப்போல் காத்து வைக்க.

இரண்டு: கடவுச்சொல் உம் கையில் இருக்கட்டும். வேலைக்காரரிடம் கடைத்திறவுகோலைக் கொடுக்கலாம். வீட்டாவணத்தைக் கொடுத்தல் ஆகாது.

மூன்று: இயலுமாயின் ஐந்தாண்டுக்கு மொத்தமாகப் பதிக. தவணை முடியும் நாளைக் கடைச்சுவரில் எழுதி வைக்க. புதுப்பிக்கக் கோரிப் பொய்ம்மடல்கள் வரும். நீர் பதிந்த நிறுவனத்தின் தளத்தில் நேரே நுழைந்து பார்த்தன்றிப் பணம் கட்டற்க.

நான்கு: பெயரையும் இடத்தையும் வேறு வேறாக அறிக. களப்பெயர் என்பது முகவரி; தளத்தின் பக்கங்களும் படங்களும் தங்கியிருக்கும் கணினி 'வழங்கி' எனப்படும். பெயர் உம்மிடம் இருந்தால் வழங்கி பிடிக்காதபோது வேறிடம் போகலாம். நுகர்வோர் அதே முகவரியில் உம்மைக் காண்பர். தளம் முழுதிற்கும் ஒரு காப்புப்படி எடுத்துத் திங்கள்தோறும் உம் கணினியில் சேர்த்து வைக்க.

பெயரிலும் தமிழ் வேண்டும்

களப்பெயர் தேர்வதிலும் மொழிச் சிக்கல் ஒன்றுண்டு. தமிழ்ப் பெயரை உரோமன் எழுத்தில் எழுதப் புகுந்தால் லகரமும் ளகரமும் ஓரெழுத்தாகும். ழகரத்துக்கு இருவேறு எழுத்துகளைச் சேர்த்து ஒருவர் எழுதுவார், ஓரெழுத்தோடு மற்றொருவர் விடுவார். குறிலும் நெடிலும் மயங்கும். ஒற்று இரட்டித்தலும் இரட்டியாமையும் எழுதுவார் கைப்போக்கில் அமையும். வாழை, வாளை, வாலை மூன்றும் ஒன்றாகிவிடும். கருப்பட்டி என்னும் ஒரு சொல்லையே உரோமன் எழுத்தில் நான்கைந்து வகையாக எழுதுவார் உளர். தொலைபேசியில் முகவரியைக் கேட்டு எழுதுவோர் பிழையான கதவைத் தட்டினால் இழப்பு வணிகருக்கே. தமிழெழுத்திலோ கருப்பட்டிக்கு ஒரே எழுத்துக்கூட்டு.

களப்பெயரைத் தமிழெழுத்திலேயே பதியலாம் என்பது பலர் அறியாச் செய்தி. 2010, 2011 ஆண்டுகளில் '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' என்னும் முடிவுடைய பெயர்கள் தமிழெழுத்தில் உலக இணையப் பெயரேட்டில் இடம்பெற்றன. கடைப்பெயரையும் தமிழில் எழுதி, '.இந்தியா' என்று தமிழிலேயே முடிக்கலாம். திறன்பேசி உலவியில் அதனைத் தட்டச்சிட்டால் தளம் திறக்கும். ஒரு குறையையும் மறையாது கூறுவோம். தமிழெழுத்து முகவரி கொண்ட மின்னஞ்சலைப் பல நிறுவனத் தளங்கள் இன்னும் ஏற்பதில்லை. ஆதலின் உரோமன் எழுத்தில் சுருக்கமான பெயர் ஒன்றும், தமிழெழுத்துப் பெயர் ஒன்றும் ஆக இரண்டையும் பதிந்து, இரண்டு கதவும் ஒரே கடைக்குத் திறக்குமாறு அமைத்தல் நலம். உரோமன் பெயர் குறுகியதாய், ழகர ளகர மயக்கம் இல்லாததாய், ஒருமுறை கேட்டதும் எழுதத் தக்கதாய் இருக்கட்டும்.

படமாகிய எழுத்து ஊமை எழுத்து

இனி எழுத்துரிமைக்கு வருவோம். தமிழில் வலைத்தளம் வைத்திருப்பதாகப் பெருமையுடன் கூறும் கடைகள் பலவற்றின் தளங்களைத் திறந்து பார்த்தோம். தமிழ் இருக்கிறது, ஆனால் படமாக இருக்கிறது. அச்சகத்தில் அடித்த விளம்பரத் தாளை அப்படியே ஒளிப்படமாக்கி ஏற்றியுள்ளனர். கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு அது வெறும் நிறப்புள்ளி. தேடுபொறி அதனைப் படித்துப் பட்டியலிடுவது அரிது. பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் மென்பொருளும் அதன்முன் தடுமாறும். விலையைத் திருத்த வேண்டுமாயின் படத்தையே மறுபடி வரைய வேண்டும்.

இந்நிலைக்கு ஒரு கரணியம் உண்டு. தமிழ் கணினிக்கு ஏறிய தொடக்கக் காலத்தில் எழுத்துரு ஆக்கியோர் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் எழுத்துகளுக்கு எண் கொடுத்தனர். ஒருவர் அடித்ததை மற்றொருவர் கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை வலையேற்றிய முன்னோடிப் பணியும், 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், 1999 பிப்பிரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கு ஒரு பொதுமுறை கண்டதும் இக்குழப்பத்தினின்று மீள எடுத்த முயற்சிகளே. உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான ஒருங்குறியில் 1991இல் வந்த முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இன்று எல்லாத் திறன்பேசிகளிலும் தமிழ் தெரிவது ஒருங்குறியால்தான்.

ஆனால் அச்சகங்கள் பலவற்றில் இன்றும் பழைய எழுத்துருக்களே ஆட்சி செய்கின்றன. கடைக்காரர் தம் விளம்பரத்தை அச்சகத்திலிருந்து வாங்கி வலைத்தளம் அமைப்பவரிடம் கொடுக்கிறார். அவர் கணினியில் அது குறிக்கோலமாய்த் தோன்றுகிறது. "தமிழ் வராது ஐயா, படமாகப் போட்டுவிடுவோம், மற்றவற்றை ஆங்கிலத்தில் எழுதிவிடுவோம்" என்று அவர் சொல்ல, இவரும் தலையசைக்கிறார். 'தமிழ் வராது' என்பது பொய். பழைய எழுத்துருவில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. அதுவும் வேண்டா, கடைக்காரர் வீட்டுப் பிள்ளை திறன்பேசியிலேயே இரண்டு பக்கத்தைத் தமிழில் தட்டச்சிட்டுக் கொடுத்துவிடலாம். வலைத்தளம் அமைக்கும் ஒப்பந்தத்தில் ஒரே வரி எழுதுக: 'எல்லாத் தமிழ்ப் பகுதியும் ஒருங்குறி எழுத்தாகவே இருத்தல் வேண்டும்.' ஏற்றபின் அப்பக்கத்தின் ஒரு சொல்லை விரலால் அழுத்திப் படியெடுத்துப் பாருங்கள். படியெடுக்க வந்தால் எழுத்து, வாராவிடின் படம்.

வேறொரு கேடும் உண்டு. ஆங்கிலத்தில் தளத்தை எழுதிவிட்டு, எந்திர மொழிபெயர்ப்பை ஒட்டித் தமிழ்ப்பக்கம் என்று பெயர் சூட்டுகின்றனர். தளத்தின் முதற்பக்கத்துக்குச் செல்லும் பொத்தானில் 'வீடு' என்று எழுதியிருப்பதைக் கண்டு நகையாதார் யார்? கடைக்கு வந்தவரை 'வீட்டுக்குப் போ' என்று சொல்வதாகவன்றோ அது முடிகிறது! நல்ல தமிழ்ச்சொற்கள் அணியமாய் உள்ளன. முகப்பு, எம்மைப் பற்றி, பொருள்கள், விலைப்பட்டியல், கூடையில் இடுக, பணம் செலுத்துக, இருப்பு இல்லை, தொடர்புக்கு என்று எழுதினால் பள்ளிப்பிள்ளைக்கும் விளங்கும். எவருக்கும் விளங்காத அருஞ்சொற்களைப் புனைந்து அடுக்கவும் வேண்டா. வணிகத்தமிழ் தெளிதமிழாக இருத்தல் வேண்டும்.

"எம் பொருளை வாங்குவோர் ஆங்கிலம் அறிந்தவர், தமிழ்ப்பக்கம் எதற்கு?" என்பார் உளர். தொலைவிலிருந்து கருப்பட்டியும் செக்கெண்ணெயும் கைத்தறிச் சேலையும் தேடுவோர் யாவர்? பெரும்பாலும் தமிழரே. அவர்கள் தம் பாட்டி சொன்ன பெயரால் தேடுகின்றனர். திறன்பேசியிடம் தமிழிற் பேசியே தேடும் காலமும் வந்துவிட்டது. 'புட்டுக் கருப்பட்டி', 'சுக்குக் கருப்பட்டி' என்று தேடுவோர்க்கு, 'பனைவெல்லம்' என்பதன் ஆங்கிலப் பெயரை மட்டும் எழுதிவைத்த கடை எங்ஙனம் அகப்படும்? அயன்மொழியார்க்காக ஆங்கிலப் பக்கம் ஒன்றும் வைத்துக்கொள்க; தடையில்லை. தெருவிலுள்ள கடையின் பெயர்ப்பலகையில் பிறமொழி இடம்பெறினும் தமிழே முதன்மையாகத் தோன்ற வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் கடைகள் பற்றிய விதி. அவ்விதியை வலைமனைக்கும் நாமே நமக்கு விதித்துக்கொள்வோம்.

உள்ளே என்ன வைப்பது?

முதல் வலைமனைக்கு நான்கு பக்கம் போதும். சுழலும் படங்களும் தாமே பாடும் இசையும் வேண்டா. வருவோருட் பெரும்பாலார் திறன்பேசியில், சில வேளை மெலிந்த இணைப்பில் வருவர். படங்கள் கனத்தால் திறக்குமுன் போய்விடுவர். படங்களைச் சுருக்கி ஏற்றுக.

ஆனால் எழுத வேண்டியவற்றை நிறைய எழுதுக. எம் மாணவரின் புதிய தளம் அவ்வகையில் நன்று. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது ஏன், பதநீரை எத்துணைப் பொழுது காய்ச்சுவது, பதம் வந்ததை எங்ஙனம் அறிவது, சிரட்டையில் ஊற்றி எடுப்பது எவ்வாறு, சீனி கலந்த கருப்பட்டிக்கும் கலவாததற்கும் சுவையிலும் நிறத்திலும் என்ன வேற்றுமை என்று தம் நாவாற் சொல்வதுபோலவே எழுதியுள்ளார். பதநீர்ப் பருவம் எப்போது, இருப்புத் தீர்ந்தால் மறுபருவம் வரை பொறுக்க வேண்டும் என்பதையும் ஒளியாது எழுதியுள்ளார். பெருநிறுவனம் பல்லாயிரம் பொருளை அடுக்கி வைக்கலாம். பனையடியில் நின்று பேசும் இப்பேச்சை அதனால் பேச முடியாது. சிறுவணிகரின் முதல் அவர் தொழிலறிவு. அவ்வறிவு தமிழில்தான் இருக்கிறது. அதனை ஆங்கிலத்துக்கு மாற்றப் புகுந்தால் பாதி வழியிலேயே உதிர்ந்துபோம்.

நம்பிக்கையே வலைவணிகத்தின் அடிமணை. காணாத கடையில் காணாத பொருளுக்கு முன்பணம் கட்டுகிறார் ஒருவர். அவர் ஐயத்தைத் தீர்த்தல் கடைக்காரர் கடமை. கடையின் முழுப்பெயர், தெருமுகவரி, தொலைபேசி எண், எடை, விலை, அனுப்புகூலி, பழுதான பொருளைத் திருப்பி அனுப்பும் முறை ஆகியவற்றை முகப்பிலிருந்தே காணுமாறு வைக்க. உணவுப்பொருளாயின் 14 இலக்க உணவு உரிம எண்ணையும் எழுதுக. வலைவழி விற்போர்க்கு 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பு மின்வணிக விதிகள் உண்டு. குறை கேட்கும் பொறுப்பாளர் ஒருவரைக் குறித்தல் வேண்டும்; முறையீடு வந்த 48 மணிநேரத்துள் அது கிடைத்ததென்று தெரிவித்தல் வேண்டும்; ஒரு திங்களுக்குள் தீர்த்தல் வேண்டும். விற்பவரே வாங்கியவர்போல் நடித்துப் புகழுரை எழுதுதல் கூடாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. கொடுப்பதில் குறையாமலும் கொள்வதில் மிகாமலும் நடந்தோர் என்று காவிரிப்பூம்பட்டின வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அவர் மரபில் வந்தோர்க்கு இவ்விதிகள் புதுமையல்ல.

செலவு பற்றி அஞ்சுவோர்க்கு ஒரு சொல். தளம் அமைக்கும் மென்பொருள்களுள் மிகப் பரவலான வேர்டுபிரசு 2003 முதல் கட்டற்ற மென்பொருளாக எவர்க்கும் கிடைக்கிறது, தமிழிலும் இயங்குகிறது. தளத்துக்கும் நுகர்வோர்க்கும் இடையே செல்லும் செய்தியைப் பிறர் படியாது பூட்டிக்காக்கும் சான்றிதழ், முன்பு பணங்கொடுத்து வாங்க வேண்டியதாய் இருந்தது. 2015இன் இறுதி தொட்டு விலையின்றியும் கிடைக்கிறது. ஆண்டுதோறும் கட்ட வேண்டியவை களப்பெயர்க் கட்டணமும் வழங்கிக் கட்டணமுமே. திருவிழாவுக்கு ஒருமுறை அடிக்கும் சுவரொட்டிச் செலவோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். 'முதலாண்டு மிகக் குறைந்த விலை' என்னும் அறிவிப்பை மட்டும் நம்பற்க. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டபின்னரே ஒப்புக.

இளைஞர்க்கு ஒரு பணி

தமிழ்ப் பெயர்ப்பலகைக்காகத் தெருத்தெருவாய்ச் சென்று கடைக்காரரிடம் கைகூப்பி வேண்டியோர் நம்முள் பலர். அப்பணி இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் கடைத்தெரு இப்போது இரண்டாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் தெருவில் தமிழை ஏற்றி, கண்ணுக்குத் தெரியாத தெருவில் தமிழை இழந்தோமாயின், அடுத்த தலைமுறை வாங்குவதும் விற்பதும் அயன்மொழியில் என்று ஆகிவிடும். சோறு போடாத மொழி என்ற பழியைத் தமிழ்மேற் சுமத்துவோர்க்கு விடை மேடைப்பேச்சில் இல்லை. தமிழில் எழுதிய ஒரு கடைத்தளத்தால் ஒரு குடும்பம் நான்கு மூடைச் சரக்கை மிகுதியாக விற்றது என்பதே விடை.

ஆகலின் கணினி கற்ற தமிழிளைஞர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு கடையைத் தெரிந்தெடுக்க. உம் தெருவின் செக்காலையாக இருக்கலாம், பாய் பின்னும் குடும்பமாக இருக்கலாம், விதைக்கடையாக இருக்கலாம். உடன் அமர்ந்து, கடைக்காரர் பெயரிலேயே களப்பெயரைப் பதிந்து கொடுங்கள். அவர் சொல்லச் சொல்ல அவர் தொழிலை ஒருங்குறித் தமிழில் எழுதுங்கள். கடவுச்சொல்லை அவர் கையிலேயே ஒப்படையுங்கள். விலையைத் தாமே மாற்றவும், படத்தைத் தாமே ஏற்றவும் அவருக்கோ அவர் மகளுக்கோ கற்றுக்கொடுத்த பின்னரே எழுந்து வருக. நீவிர் இல்லாமலும் அத்தளம் நடக்குமாயின் பணி முடிந்தது. நீவிர் இன்றி நடவாதாயின், மற்றொரு திண்ணையைத்தான் கட்டிக்கொடுத்தீர் என்பதை உணர்க.

வணிகப் பெருமக்களே! உம் கடைக்குப் பெயர் இருக்கிறது. அப்பெயருக்கு உம் ஊரில் மதிப்பும் இருக்கிறது. அதனை வேறொருவர் பதிந்துகொள்ளுமுன் இக்கிழமையே உம் பெயரில் பதிக. நான்கு பக்கம் தமிழில் எழுதுக. மற்றவற்றைப் படிப்படியே சேர்த்துக்கொள்ளலாம். மனை உமதாகட்டும், பெயர் உமதாகட்டும், வாயிலில் விளங்கும் எழுத்து தமிழாகட்டும்!